கால் வெட்டிய தகடு

அத்தியாயம் 6

கிங்ஸ்லியின் கோணிப்பையை டெபோரா மேடம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் கவிழ்த்தார். உள்ளேயிருந்து விழுந்தது மண்ணுளிப் பாம்பு இல்லை. சைக்கிள் டியூப். இரண்டு முனையையும் நூலால் கட்டி, உள்ளே மணலை அடைத்து, வெளியே கருப்பட்டி நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தான்.

“ரெண்டு தலைப் பாம்புன்னு சொல்லி விக்கியே கிங்ஸ்லி, இதுல ஒரு தலையக்கூட காணோமே?” என்றேன்.

“இருட்டுக்குள்ள வச்சுத்தான காட்டுதேன் அண்ணாச்சி. பணக்காரன் ஆகணும்னு வாரவன் தலையவா எண்ணிக்கிட்டு நிப்பான்?”

மண்ணுளிப் பாம்பு வீட்டில் இருந்தால் கோடி கொட்டும் என்று நம்புகிற கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கூட்டத்தை நம்பிப் பிழைக்கிறவன் கிங்ஸ்லி. காலேஜில் காணாமல் போன பெட்டியை இவன்தான் தூக்கியிருப்பான் என்று நாங்கள் காலையிலிருந்து பக்கத்து ஊர் திருவேங்கடம் வரை அலைந்து, கடைசியில் இவனை உள்ளூர் டீக்கடையிலேயே பிடித்தோம். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்த என் முதுகு, துப்பறிதலைப் பற்றித் தனியாக ஒரு கருத்து வைத்திருந்தது.

“நெசப் பாம்பத் திருடி நான் என்ன மேடம் செய்ய?” என்றான் கிங்ஸ்லி, உண்மையிலேயே வருத்தப்பட்டு. “அதுக்குத் தீனி போடணும். வனத்துறைக்குப் பயப்படணும். டியூபுக்கு இந்தத் தொந்தரவு ஒண்ணும் கிடையாதுல்லா?”

இவ்வளவு நேர்மையான திருட்டுப் பயலை நான் பார்த்ததில்லை. மேடம் டியூபை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, “போய்ட்டு வா” என்றார். எங்களிடம் இருந்த ஒரே சந்தேகம் கையை ஆட்டிக்கொண்டே பஸ் ஏறிப் போனது.

டெபோரா மேடம் நடத்துவது துப்பறியும் நிறுவனம் என்று போர்டில் இருக்கிறது. வரும் வேலை எல்லாம் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, குடும்பம் எப்படி, சொல்லாத சொந்தம் எதுவும் உண்டா என்று கல்யாணத்துக்கு முன்னால் விசாரித்துச் சொல்வது. என் பெயர் நாறும்பூநாதன். விசைத்தறியில் பாதி ஆயுளையும், ஒரு காதில் பாதியையும் கொடுத்துவிட்டு மேடத்திடம் உதவியாளராகச் சேர்ந்தேன். தறியில் நின்றால் கால் வலிக்கும். இங்கே நடந்தால் கால் வலிக்கிறது. முன்னேற்றம்தான்.

இந்த முறையும் வந்தது குலம் கோத்திர விசாரணைதான். ஆனால் மாப்பிள்ளைக்குக் கால் கிடையாது.

அனுராதா என்ற ஆராய்ச்சி மாணவி, வனத்துறையிடம் முறையாக அனுமதி வாங்கி, வாசுதேவநல்லூர் குளத்தங்கரையில் மக்கிப்போன இலைக் குப்பைக்குள்ளிருந்து ஓர் உயிரைத் தோண்டி எடுத்திருந்தாள். விரல் தடிமன், ஒரு சாண் நீளம், வழுவழுவென்று மினுமினுக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் பாம்பு என்றார்கள். அவள் மட்டும் அரணை என்றாள். ஈர மண்ணோடு அதை ஒரு பெட்டியில் வைத்திருந்தாள். திங்கட்கிழமை காலையில் பெட்டியைக் காணவில்லை. அறையின் பூட்டு உடைக்கப்படவில்லை.

“மேடம், பாம்பு ஒரு குடும்பம், அரணை ஒரு குடும்பம். ரெண்டும் தூரத்துச் சொந்தம்” என்று அவள் எங்கள் ஆபீசில் உட்கார்ந்து சொன்னாள். “இது அரணை வீட்டுப் பிள்ளை. மண்ணுக்குள்ளயே நீந்தி நீந்தி, தலைமுறை தலைமுறையா காலு சிறுத்துப் போயி, கடைசில இல்லாமலே ஆயிட்டு. இதோட சொந்தத்துல சிலதுக்கு அரிசி மாதிரி குட்டிக் காலு இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.”

“அப்போ பாம்பு மாதிரி இருக்குதது?”

“அது சும்மா சாயல் அண்ணாச்சி. சாயல் இருந்தா சொந்தமாயிருமா? இது கண்ண மூடித் திறக்கும். பாம்புக்கு இமையே கிடையாது. ஆனா அரணை வம்சத்துலயே இதுக்கு யாரு கூடப்பிறந்தது, யாரு சித்தப்பா பெரியப்பா மக்கன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. உயிரோட கையில இருந்தாத்தான் அதைப் பார்க்க முடியும்.” அப்புறம் குரல் இறங்கியது. “வியாழக்கிழமை மத்தியானம் கமிட்டி கூடுது. காட்டலைன்னா, பாம்பைப் பார்த்து அரணைன்னு உளறுனவள்னு என் ஆராய்ச்சித் தலைப்பையே அடிச்சிருவாங்க. அது போகட்டும் மேடம். ஈர மண்ணு இல்லன்னா அது காய்ஞ்சு செத்துரும்.”

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கோமதிசங்கரையும் பார்த்தோம். ஊர்க் கோயிலின் அம்மன் கோமதி, சாமி சங்கரநாராயணர் இரண்டு பேரையும் ஒரே பெயரில் சுமக்கிறவர். எங்களை உட்காரச் சொல்லாமலே பாடம் எடுத்தார். “அது வெறும் புழுப்பாம்பு. நோட் பண்ணிக்கோங்க. அந்தப் பொண்ணுக்கு ஆர்வம் அதிகம், அனுபவம் கம்மி. நோட் பண்ணிக்கோங்க.” எங்கள் இருவர் கையிலும் பேனா இல்லை. நான் உள்ளங்கையில் எழுதுவதுபோல விரலை ஓட்டிக் காட்டினேன். மனிதர் திருப்தியாகிவிட்டார்.

இன்று வியாழக்கிழமை. கமிட்டி கூடும் நேரம் நெருங்கிவிட்டது. கையில் இருந்தது ஒரு சைக்கிள் டியூப்.

“அண்ணாச்சி” என்றார் மேடம், டீயை உறிஞ்சிக்கொண்டே. “நம்ம ஊருல வீட்டுக்குள்ள ஏதாவது ஊர்ந்து வந்தா முதல்ல என்ன செய்வாங்க?”

“அலறுவாங்க.”

“அப்புறம்?”

“தொடைப்பத்த எடுப்பாங்க.”

“அப்புறம்?”

“கோயிலுக்கு ஓடி, அதோட உருவத்துல ஒரு தகடு வாங்கி உண்டியல்ல...” சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கியது. “மேடம், கோயில்ல தினசரி எத்தனை பேரு தகடு போடுதான் தெரியுமா? பாம்பு, தேளு, பூரான்னு உண்டியலுக்குள்ள ஒரு காடே கிடக்கு.”

“எல்லாரும் வாங்குத தகடு நமக்கு வேண்டாம். யாரும் வாங்காத தகடு வேணும்.” கிளாசை வைத்தார். “திருடுனவன் அதைக் காட்டுலயா வச்சிருப்பான்? வீட்டுலதான் வச்சிருப்பான். வீட்டுல ஒரு பொம்பளை இருப்பா. அவ கண்ணுல அது பட்டிருந்தா, தகடு போடாம அந்த வீட்டுல அடுப்பு எரியாது. நான் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவ. என் வீட்டுல தேளு வந்தப்ப எதிர்வீட்டு அக்கா எனக்கும் சேர்த்துத் தகடு போட்டுட்டுத்தான் வாசப்படி ஏறுனா.”

துப்பறியும் புத்தகங்களில் கைரேகை இருக்கும், ரத்தத்துளி இருக்கும். எங்களுக்கு வாய்த்தது உண்டியல்.

சன்னதித் தெருவில் உருவத் தகடு விற்கிற கடைகள் வரிசையாக உண்டு. அதில் பாதிக் கடைக்குத் தகட்டை வெட்டிக் கொடுப்பவர் பாதுஷா பாய். அவருக்கே சொந்தமாக ஒரு சின்னக் கடையும் உண்டு. வாசலில், ‘பூச்சி வகைகள்: பாம்பு, தேள், பல்லி, பூரான்’ என்று எழுதிய போர்டு.

“வே நாறும்பு” என்று வரவேற்றார். “இன்னைக்காவது ஏதாவது வாங்குவீரா, வழக்கம்போல நிழலுக்கு நிக்கத்தான் வந்தீரா?”

“நிழலுக்குத்தான் பாய். உம்ம கடையில அதுதான் கலப்படம் இல்லாதது.”

மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார். “பாய், இந்த வாரத்துல யாராவது வித்தியாசமா ஒரு உருவம் கேட்டாங்களா?”

பாய் தகடு வெட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர் மாதிரி நிமிர்ந்தார்.

“அதை ஏன் கேக்கியம்மா! செவ்வாக்கிழமை ஒரு ஆளு வந்தாரு. ஹெல்மெட்டக் கழட்டவே இல்ல. பாம்புத் தகடு எடுத்துக் குடுத்தேன், ‘பாம்பு வேண்டாம், பல்லி குடுங்க’ன்னாரு. பல்லி குடுத்தேன். ‘நாலு காலையும் வெட்டுங்க’ன்னாரு.”

“கால வெட்டவா?”

“நானும் அப்படித்தான் கேட்டேன். ஏன் சார், காலு இல்லாத பல்லிக்குப் பேருதான் பாம்பு, அதான் இங்கன குமிஞ்சு கிடக்கேன்னேன். ‘அது வேற, இது வேற. தப்பான உருவத்தச் சாமிக்குப் போட்டா வேண்டுதல் எப்படிய்யா போய்ச் சேரும்’னு சத்தம் போடுதாரு. வெட்டிக் குடுத்தேன். அதோட விட்டாரா? ஊசியால கண்ணுக்கு மேல ஒரு கோடு போடச் சொன்னாரு. கேட்டா, இமையாம்! எத்தனையோ வருசமா தகடு வெட்டுதேன். தேளுக்குக் கொடுக்கு கோணலா இருக்குன்னுகூட இதுவரைக்கும் ஒருத்தன் குறை சொன்னதில்ல.”

பாய் ஒரு பழைய தைல டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தார். வெள்ளித் தகட்டில் நான்கு குட்டிக் கால்கள். விரல்கள்கூட இருந்தன.

“தூரப் போட மனசு வரல. பூரானுக்குக் காலு ஒடிஞ்சா ஒட்டலாம்னு வச்சிருக்கேன்.”

நான் மேடத்தின் காதருகே குனிந்தேன். “இமை விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு அனுராதாதான். அந்தப் பொண்ணே யாரையாவது அனுப்பி வாங்கியிருந்தா? தானே ஒளிச்சு வச்சிட்டு, தானே நம்மளத் தேடவும் விட்டிருந்தா?”

“பெத்த தாயே பிள்ளைய ஒளிச்சு வச்சிக்கிட்டு நம்மகிட்ட வந்து அழுவாளாக்கும்? சும்மா இருங்க அண்ணாச்சி. பாய், அந்த ஆளு வேற என்ன சொன்னாரு?”

“போறப்ப என் போர்டப் பார்த்தாரு. பாம்பும் பல்லியும் பூச்சி கிடையாது, ஊர்வனன்னு ஒரு பாடம். தேளு பூச்சி கிடையாதுன்னு இன்னொரு பாடம். பூரானுக்குத் தனிப் பாடம். பின்னால வாங்க வந்தவங்க வெயில்ல நிக்காங்க. ஒவ்வொண்ணுக்கும் ‘நோட் பண்ணிக்கோங்க, நோட் பண்ணிக்கோங்க’ன்னு வேற. கையில கத்தரி, மடியில தகடு. நான் எதுல வே நோட் பண்ண?”

நானும் மேடமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் உள்ளங்கை தானாக அரித்தது.

“வெயில்ல ஹெல்மெட்டோட நடந்து வாரவன் ஒண்ணு திருடனா இருக்கணும், இல்ல வாத்தியாரா இருக்கணும்” என்றார் பாய்.

“எதுக்குப் பாய் பிரிச்சுப் பார்க்கணும்?” என்றேன்.

மேடம் அந்த நான்கு கால்களையும் இரவல் கேட்டார். பாய் யோசித்துக் கொடுத்தார். “திருப்பித் தந்திரணும்மா. பூரான் சீசன் வருது.”

ஆட்டோவில் போகும்போது நான் கேட்டேன். “எனக்கு ஒண்ணு விளங்கல. பாம்பு, பாம்புன்னு நம்மகிட்ட சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னாரு. இங்கன வந்து பாம்பு இல்லங்காரு. இதுல எது நெசம்?”

“நம்மகிட்ட சொன்னது பொய். பாய்கிட்ட சொன்னது நெசம். முதல்ல அவரு பாம்புன்னே நினைச்சிருக்கணும். அப்புறம் தனியாப் பார்க்கையில அது கண்ண மூடியிருக்கும். உலகத்துக்கே புதுசா ஒரு உயிரு. கண்டுபிடிச்ச பேரு மாணவிக்குப் போகுது. விட மனசு வருமா? அறைச் சாவி அவருகிட்டயும் இருக்கே.”

“அப்போ தகடு?”

“காலேஜ ஏமாத்தலாம், நம்மள ஏமாத்தலாம். சங்கரநாராயணர ஏமாத்துத தைரியம் இந்த ஊர்க்காரனுக்கு வருமா அண்ணாச்சி?”

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் வீடு. வாசல் குப்பைத்தொட்டியில் ஓட்டல் பொட்டலத்து வாழை இலைகள் மேல்வரை நிறைந்திருந்தன. மேடம் அதைப் பார்த்துச் சிரித்தார். முன்னறையில் பேராசிரியரின் மனைவி காந்திமதியம்மாள், தரையில் கால் படாமல் நாற்காலி மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சார் இருக்காங்களாம்மா?”

“உள்ள படுத்திருக்காங்க.”

“உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு என்ன? கட்டிலுக்கு அடியில படுத்திருக்காங்க.”

சொல்லி முடிக்கவும், உள்ளறையிலிருந்து பேராசிரியர் முழங்காலில் தவழ்ந்தே வெளியே வந்தார். கையில் டார்ச், தலை முழுவதும் ஒட்டடை. காலேஜுக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தாராம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, ஒட்டடையோடு கம்பீரமானார்.

“என்ன விஷயம்? அந்தப் பாம்பு கிடைச்சுதா?”

மேடம் டீப்பாயில் நான்கு கால்களையும் வரிசையாக வைத்தார்.

ஒரு பல்லியின் கால்கள் ஒரு பேராசிரியரின் கால்களை இப்படி ஆட்டும் என்று நான் நினைத்ததில்லை. அவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

“தகடு யாரு வேணும்னாலும் வாங்கலாம்” என்றார். “தோட்டத்துலருந்து ஒரு புழுப்பாம்பு வீட்டுக்குள்ள வந்துட்டு. இவளுக்குப் பயம். அதான் வாங்கினேன். நோட் பண்ணிக்கோங்க, வெறும் புழுப்பாம்பு.”

“தோட்டமா?” என்றார் காந்திமதியம்மாள். “இந்த வீட்டுல துளசிச் செடி வைக்கக்கூட இடம் கிடையாது. ஏதோ டப்பா ஒண்ணு கொண்டுவந்து அடுக்களைல வச்சாங்க. மூடி சரியா மூடல. அது வெளிய வந்து என் காலுக்குப் பக்கத்துல நெளியுது. தொடைப்பத்தால ஒரு போடு போட்டேன். ரெண்டு துண்டா ஆயி, ரெண்டும் துள்ளுது! தலையுள்ள துண்டு எங்கன போச்சுன்னு தெரியல. அன்னைலருந்து நான் அடுக்களைக்குள்ள காலு வைக்கல. குடிக்கத் தண்ணிகூட கேன்லதான். பானைத் தண்ணி போட்டது போட்டபடி கிடக்கு.”

அனுராதாவின் முகம் வந்து போனது. திருடியவருக்கே கிடைக்கவில்லை. அதிலும் பாதி உயிர்.

மேடம் மட்டும் வேறு எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். “பானை எதுமேலம்மா இருக்கு?”

“மணல் மேலதான். தண்ணி கசிஞ்சு கசிஞ்சு எப்பவும் ஈரமாத்தான் கிடக்கும். சில்லுன்னு இருக்குமேன்னு...”

“சார் கட்டிலுக்கு அடியில தேடுதாங்க” என்றார் மேடம். “அது என்ன, உறங்கவா வந்துச்சு?”

கைபேசியை எடுத்து ஏதோ எண்ணைத் தட்டி, தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை பேசி, அடுக்களைக்குள் போய் மேடையில் வைத்தார். “அண்ணாச்சி, பானையத் தூக்குங்க.” தூக்குகிற வேலை என்றால் மட்டும் மேடத்துக்கு என் நீண்டகால அனுபவம் நினைவுக்கு வந்துவிடும். முதுகு கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பானையைத் தூக்கினேன்.

மேடம் விரல்களால் ஈர மணலை மெதுவாக விலக்கினார். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மணலுக்குள் ஒரு மினுமினுப்பு ஓடியது. இரண்டு கைகளையும் கூட்டி மணலோடு அள்ளினார். உள்ளே அது. காலும் இல்லை, இப்போது பாதி வாலும் இல்லை. சிறிய கூர் மூக்கு. வெளிச்சம் பட்டதும் கடுகளவு கண்ணை மூடியது, திறந்தது.

“அனுராதாவோடதுதான சார்?” என்றார் மேடம்.

“எதை வச்சுச் சொல்லுதீங்க?” பேராசிரியர் கதவருகில் நின்றார். தைரியம் கொஞ்சம் திரும்பியிருந்தது. “இது புழுப்பாம்பு. எந்தக் கமிட்டியிலயும் நான் அப்படித்தான் சொல்லுவேன். நான் சொன்னாத்தான் செல்லும். அந்தப் பொண்ணு சொன்னா செல்லாது.”

அதுதான் உண்மை. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது. திருட்டைப் பிடித்துவிட்டோம், பொய்யைப் பிடிக்க முடியவில்லை. பெரிய பட்டத்தின் பொய்க்கு எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை.

இதற்குள் காந்திமதியம்மாள் துணிந்து அடுக்களை வாசல்வரை வந்திருந்தார். கையில், இன்னும் உண்டியலில் போடாமல் பூஜை அலமாரியில் வைத்திருந்த தகடு. கால் வெட்டிய, இமைக் கோடு போட்ட வெள்ளிப் பல்லி. தகட்டையும் மேடத்தின் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏங்க, தகட்டுல வாலு நீளமா இருக்கே! இதுக்குப் பாதி வாலுதான இருக்கு? இதப் போய் எப்படி உண்டியல்ல போட? சாமிகிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிராதா? ஏற்கெனவே நான் அடிச்ச பாவம் வேற கிடக்கு...” அழ ஆரம்பித்துவிட்டார்.

“ஏட்டி, எதுக்கு அழுக?” பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை. தப்பான சந்தேகத்தைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாத ஜென்மம். “நீ அடிச்சு ஒண்ணும் ஒடியல. பயந்தா அதுவே வால ஒடிச்சுப் போட்டுரும். கொஞ்ச நாள்ல திரும்ப முளைச்சிரும். பாம்புக்கு வாலு போனா போனதுதான், முளைக்காது. இது அரணைல்லா? அரணைக்கு முளைக்கும். தகடு சரியாத்தான் இருக்கு. நோட் பண்ணிக்கோ.”

தெருக்கோடியில் ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது.

அடுக்களை மேடையில் மேடம் அணைக்காமல் வைத்திருந்த கைபேசி பேசியது.

“நோட் பண்ணிட்டேன் சார்” என்றாள் அனுராதா.

அவளுக்குப் பின்னால், ஏதோ ஒரு பெரிய அறையிலிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு வயதான குரல். “நாங்களும் பண்ணிட்டோம் கோமதிசங்கர். கமிட்டி முழுக்க இருக்கு. காய்ச்சல் எப்படி இருக்கு?”

பேராசிரியர் தகட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் உள்ளங்கையில் விரலால் எழுதிக்கொண்டிருந்தேன்.

மேடத்தின் கைக்குள், ஈர மணலில், அந்த அரணை மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டது. அந்த வீட்டில் வெட்கப்பட்டது அது ஒன்றுதான்.